ராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்

1915-ஆம் ஆண்டு லண்டன் கணிதச் சங்கத்தின் ஆய்வேட்டில் 63 பக்கக் கட்டுரை ஒன்று வெளிவந்தது. எழுதியவர் எஸ். ராமானுஜன். அதற்கு முந்தைய ஆண்டு மார்ச் மாதம்தான் சென்னையில் கப்பலேறி கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரிக்குப் போயிருந்தார். கட்டுரைக்குள் ஒரு நீண்ட அட்டவணை இருக்கிறது. 2-இல் தொடங்கி 67,46,32,83,88,800 வரை 102 எண்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் பகாக் காரணிகளும் அது எத்தனை எண்களால் மீதியின்றி வகுபடும் என்ற கணக்கும். கணினி இல்லாத காலம், எல்லாம் கைக்கணக்கு.

அந்த அட்டவணையில் 103 எண்கள் இருந்திருக்க வேண்டும்.

விடுபட்டது 2,93,31,86,25,600. வாய்விட்டுச் சொன்னால் இருபத்தொன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தொரு கோடியே எண்பத்தாறு லட்சத்து இருபத்தையாயிரத்து அறுநூறு. பார்வைக்கு ஏதோ அரசுத் துறையின் வரவுசெலவுத் திட்டத்தில் வரும் தொகை போலத்தான் இருக்கும். ஆனால் இதைவிடச் சிறிய எண்களில் எதற்கும் இதன் அளவுக்கு வகுத்திகள் கிடையாது. ராமானுஜனின் அட்டவணையில் இடம்பெற அந்த ஒரு தகுதி போதும். அத்தகைய எண்களைத் தமிழில் உயர் பகு எண்கள் என்று சொல்லலாம்: தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும் வகுத்திகளின் எண்ணிக்கையில் முந்தியவை.

ஓர் எண்ணின் வகுத்திகளை எண்ண, 1-இல் தொடங்கி ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்கத் தேவையில்லை. எண்ணைப் பகா எண்களாக உடைத்தால் போதும். நம் எண்ணை உடைத்தால் இப்படி வரும்: 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19. இதன் வகுத்தி ஒன்றை உருவாக்க வேண்டுமானால் 2-ஐ ஒரு முறைகூட எடுக்காமல் விடலாம், அல்லது ஆறு முறை வரை எடுக்கலாம்; ஆக 7 வழிகள். 3-க்கு 5 வழிகள். 5-க்கும் 7-க்கும் மும்மூன்று. 11, 13, 17, 19 ஆகியவற்றை எடுக்கலாம் அல்லது விடலாம், தலைக்கு இரண்டு. பெருக்கினால் 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5,040. ஒன்றும் அந்த எண்ணுமே சேர்த்து 5,040 வகுத்திகள்.

இது அதிகமா, குறைவா? ஏறத்தாழ இதே உயரமுள்ள இரண்டு எண்களைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் தெரியும். 2-ஐ 38 முறை பெருக்கினால் 2,74,87,79,06,944 வரும். அதற்கு வெறும் 39 வகுத்திகள். ஒரே பகா எண்ணையே அடுக்கிக்கொண்டு போனதன் விளைவு. மறுகோடிக்குப் போய், 2 முதல் 31 வரையுள்ள பதினொரு பகா எண்களையும் ஆளுக்கு ஒரு முறை பெருக்கினால் 2,00,56,04,90,130. அதற்கு 2,048 வகுத்திகள். முதலாவதைவிட எவ்வளவோ மேல், ஆனால் 5,040-இல் பாதிகூட இல்லை. அடுக்கு உயர்ந்தால் மட்டும் போதாது, வகை பெருகினால் மட்டும் போதாது. இரண்டும் எந்த அளவில் கலக்க வேண்டும் என்பதுதான் ராமானுஜன் எடுத்துக்கொண்ட கேள்வி.

அந்தக் கலவையின் தன்மையை இந்த எண்ணிலேயே நேராகப் பார்க்கலாம். 1 முதல் 22 வரை எதனால் வகுத்தாலும் மீதி வராது. 23 முதல் தடை. பிறகு 24, 25, 26, 27, 28 எல்லாம் வகுக்கும், 29 வகுக்காது. 100 வரை போனால் 72 எண்கள் இதை மீதியின்றி வகுக்கின்றன. வகுக்காத 28 எண்களுக்கும் காரணம் ஒன்றே: அவை ஒவ்வொன்றிலும் 23 அல்லது அதைவிடப் பெரிய பகா எண் ஒன்று ஒளிந்திருக்கிறது. 64, 81, 49 போன்ற முரட்டு அடுக்குகள்கூட உள்ளே அடங்கிவிடுகின்றன. 2-இன் அடுக்குகளில் 100-க்குள் வரும் மிகப் பெரியது 2⁶, 3-க்கு 3⁴, 5-க்கு 5², 7-க்கு 7². நம் எண்ணில் இருப்பவையும் சரியாக அவையே. 11² என்பது 121 ஆகி நூறைத் தாண்டிவிடுவதால் 11 ஒரு முறைதான். அதாவது 19 வரையுள்ள பகா எண்களை மட்டும் கொண்டு உருவாகும், 100-க்கு மேற்படாத எல்லா எண்களுக்கும் மீச்சிறு பொது மடங்கு எடுத்தால் இந்த எண்ணே வந்து நிற்கும். யாரும் திட்டமிட்டு அமைத்ததில்லை. அடுக்குகளின் அளவு அப்படி அமைந்திருக்கிறது.

உயர் பகு எண்களில் சிறியவை எல்லோருக்கும் பழக்கமானவை. 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360 என்று வரிசை போகும். டஜன், நாளின் மணி, மணியின் நிமிடம், வட்டத்தின் பாகை எல்லாம் இதில் வந்துவிடுகின்றன. பங்கு பிரிக்கும் வேலை எங்கெல்லாம் அதிகமோ அங்கெல்லாம் மனிதர்கள் இவற்றைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் பழைய பவுண்டில் 240 பென்னி. 20 வகுத்திகள் கொண்ட உயர் பகு எண். நம் பழைய ரூபாயில் 16 அணா, அணாவுக்கு 12 பை, ஆக 192. அதற்கு 14 வகுத்திகள்தான். 192-ஐவிடச் சிறிய 120-க்கே 16 உண்டு. 1912-இல் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் கணக்குப் பிரிவில் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்த ராமானுஜன் 192-இன் உலகத்திலிருந்து இரண்டு ஆண்டுகளில் 240-இன் உலகத்துக்குப் போனார் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். இரு நாடுகளும் பின்னாளில் 100-க்கு மாறிக்கொண்டன: இந்தியா 1957-இல், இங்கிலாந்து 1971-இல். 100-க்கு 9 வகுத்திகள். தசமக் கணக்கு எழுதுவதற்கு எளிது. மூன்று பேருக்குச் சமமாகப் பிரிக்க முடியாது.

சிறிய எண்களில் இந்த விளையாட்டைக் கண்ணால் பார்த்தே ஆடிவிடலாம். கோடிகளுக்குப் போனால் அது நடக்காது. நம் எண் உயர் பகு எண்தான் என்று காட்ட, அதற்குக் கீழே உள்ள 29,331 கோடிக்கும் மேற்பட்ட எண்களையும் சோதிப்பதா? ராமானுஜன் முதலில் செய்தது, இந்தக் காட்டைப் பெருமளவு வெட்டி எறிந்தது.

அவருடைய முதல் விதியைப் பள்ளி மாணவரே நிறுவிவிடலாம். 18 என்பது 2 × 3². அதற்கு 6 வகுத்திகள். அடுக்குகளை இடம் மாற்றி 2² × 3 என்று வைத்தால் 12. அதற்கும் அதே 6. எண்ணிக்கை மாறவில்லை, எண் சிறுத்துவிட்டது. எனவே 18 உயர் பகு எண்ணாக இருக்க வழியில்லை. பெரிய பகா எண்ணின் அடுக்கு சிறிய பகா எண்ணின் அடுக்கை மிஞ்சினால் எப்போதும் இப்படி மாற்றிக் கொள்ளலாம். ஆகவே உயர் பகு எண்ணில் அடுக்குகள் 2-இலிருந்து தொடங்கி இறங்குமுகமாகவே இருக்க வேண்டும். நடுவில் எந்தப் பகா எண்ணும் விடுபடக் கூடாது. நம் எண்ணின் அடுக்குகளைப் பாருங்கள்: 6, 4, 2, 2, 1, 1, 1, 1.

இரண்டாவது விதி அவ்வளவு எளிதில் வசப்படாது. கடைசிப் பகா எண்ணின் அடுக்கு எப்போதும் 1 ஆகவே இருக்கும். விலக்கு இரண்டே இரண்டு, 4-உம் 36-உம். 2² என்பது 4, 2² × 3² என்பது 36. அடுத்ததாக 2² × 3² × 5² என்று 900-க்குப் போனால் 27 வகுத்திகள். ஆனால் அதற்கு முன்பே 840 என்ற எண் 32 வகுத்திகளுடன் உட்கார்ந்திருக்கிறது. 36-க்கு மேல் எண்கோட்டில் எவ்வளவு தூரம் போனாலும் மூன்றாவது விலக்கு கிடைக்காது என்று ராமானுஜன் நிறுவினார்.

இந்த விதிகளோடு நம் எண்ணுக்குத் திரும்பினால் வேலை காகிதத்தில் அடங்கிவிடும். கேள்வி இதுதான்: 29,331 கோடிக்குள் எந்தப் பகா எண்ணோடு நிறுத்துவது? 31 வரை போனால் அந்தப் பதினொரு பகா எண்களின் பெருக்கமே 20,056 கோடி. இன்னொரு 2 போடக்கூட இடமில்லை, 2,048-உடன் முடிந்தது. 29-இல் நிறுத்தினால் அடிப்படைப் பெருக்கம் 646 கோடியே 96 லட்சத்துச் சொச்சம், மேலே இன்னும் 45 மடங்கு வரை இடம் உண்டு. அந்த இடத்தில் மிகச் சிறப்பாகப் பொருந்துவது 36: வகுத்திகள் 4,096. 23-இல் நிறுத்தினால் 1,314 மடங்கு வரை இடம். அங்கே 1,080-ஐப் பொருத்தினால் 4,800. 19-இல் நிறுத்தினால் 30,240 மடங்கு இடம், அது ஒரு துளியும் வீணாகாமல் நிரம்புகிறது: 5,040. இன்னும் பின்வாங்கி 17-இல் நிறுத்தினால் எண்ணிக்கை மறுபடி இறங்கி 4,800-ஐத் தாண்டாது. உச்சி 19-இல் இருக்கிறது.

மேலே 4,800 என்று வந்ததே, அந்த எண் 2,40,94,02,99,600. நம் எண்ணுக்கு முந்தைய உயர் பகு எண் அதுதான். அதன் அடுக்குகள் 2⁴ × 3⁴ × 5² × 7 × 11 × 13 × 17 × 19 × 23. அதில் 23 இருக்கிறது, நம் எண்ணில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போவது எப்படி? 23-ஐ வெளியே எடுத்துவிட்டு இரண்டு 2-களையும் ஒரு 7-ஐயும் உள்ளே வைக்க வேண்டும். 23 போய் 28 வந்தது. எண் 28/23 மடங்கு வளர்ந்தது. வகுத்திகளில் 23 போனதால் பாதி குறைந்தது, 2-க்கான வழிகள் 5-லிருந்து 7 ஆயின, 7-க்கான வழிகள் 2-லிருந்து 3 ஆயின. 4,800 என்பது 5,040 ஆனது.

அடுத்த உயர் பகு எண் 3,21,25,37,32,800. அங்கே போக, ஒரு 3-ஐயும் ஒரு 7-ஐயும் கழற்றிவிட்டு 23-ஐத் திரும்பச் சேர்க்க வேண்டும். 21 போய் 23 வந்தது. எண் பத்து விழுக்காட்டுக்கும் குறைவாகவே வளர்கிறது; வகுத்திகள் பதினைந்தில் ஒரு பங்கு கூடி 5,376 ஆகின்றன.

ஆக 23 என்ற பகா எண் முந்தைய எண்ணில் இருக்கிறது, அடுத்த எண்ணில் இருக்கிறது, நடுவில் உள்ள இந்த ஓர் எண்ணில் மட்டும் இல்லை. சற்றுப் பின்னால் பார்த்தாலும் இதே தடுமாற்றம்தான்: 97,77,28,75,200-இல் 23 இல்லை, அடுத்த எண்ணில் உண்டு, அதற்கடுத்த 1,46,65,93,12,800-இல் மீண்டும் இல்லை. பிறகு வரும் இரண்டு எண்களில் 23 இடம்பிடித்துவிடுகிறது. அது நிலைத்துவிட்டது என்று நினைக்கும்போது நம் எண் குறுக்கே வருகிறது. இதற்குப் பிறகு அட்டவணையின் கடைசி வரை 23 இல்லாத எண்ணே கிடையாது. விடுபடுவதற்கென்றே ஓர் இடம் உண்டென்றால் இதுதான். கடைசி வரிசையில் உள்ள 67,46,32,83,88,800 என்ற எண்ணே இந்த எண்ணை 23-ஆல் பெருக்கினால் வருவது என்பது இதில் இன்னொரு வேடிக்கை.

இந்தத் தடுமாற்றத்தை ராமானுஜன் நன்றாக அறிந்திருந்தார். அதனால்தான் அட்டவணையில் சில எண்களுக்கு மட்டும் நட்சத்திரக் குறி போட்டார். அவற்றை மீயுயர் பகு எண்கள் எனலாம். 2, 6, 12, 60, 120, 360, 2520, 5040 என்று தொடங்கி அட்டவணையின் எல்லைக்குள் அவை 18. இவற்றைக் கண்டுபிடிக்கத் தேடல் எதுவும் வேண்டாம். ஒரே ஒரு விதி போதும்.

சந்தையில் கணக்குப் பார்த்து வாங்குகிறவரின் வழி அது. ஓர் எண்ணில் ஒரு பகா எண்ணை இன்னொரு முறை சேர்ப்பது ஒரு கொள்முதல். விலை, எண் எத்தனை மடங்கு பெருகுகிறது என்பது. பயன், வகுத்திகள் எத்தனை மடங்கு கூடுகின்றன என்பது. முதன்முறையாக 23-ஐச் சேர்த்தால் எண் 23 மடங்கு, வகுத்திகள் 2 மடங்கு. ஏற்கெனவே ஒரு 7 இருக்கும்போது இரண்டாவது 7-ஐச் சேர்த்தால் எண் 7 மடங்கு, வகுத்திகள் ஒன்றரை மடங்கு. நான்காவது 3 என்றால் எண் 3 மடங்கு, வகுத்திகள் ஒன்றேகால் மடங்கு. மூன்றையும் ஒப்பிட, பயனின் மடக்கையை விலையின் மடக்கையால் வகுக்க வேண்டும். 23-க்கு 0.221. இரண்டாவது 7-க்கு 0.208. நான்காவது 3-க்கு 0.203. ஓர் அளவுகோலை முன்கூட்டி வைத்துக்கொண்டு, அதற்கு மேல் தேறும் கொள்முதல்களை மட்டும் ஏற்றால் கிடைப்பவையே மீயுயர் பகு எண்கள். ஒவ்வொரு பகா எண்ணின் வழக்கும் தனித்தனியே தீர்ந்துவிடுகிறது. ஒன்று மற்றொன்றைக் கேட்க வேண்டியதில்லை. அதுவே இந்த வழியின் அழகு.

13,96,75,53,600 ஒரு மீயுயர் பகு எண். அளவுகோலைச் சற்றுத் தாழ்த்தினால் அடுத்து உள்ளே வருவது 23. பெருக்கினால் 3,21,25,37,32,800, அடுத்த நட்சத்திரம். இன்னும் தாழ்த்தினால் இரண்டாவது 7. அதையும் பெருக்கினால் 22,48,77,61,29,600 வரும்: அதாவது 2,24,877 கோடியே 61 லட்சத்து 29 ஆயிரத்து 600. நட்சத்திரங்கள் இப்படிப் பெரிய பெரிய தாவல்களாகவே போகும். 1,396 கோடிக்கும் 32,125 கோடிக்கும் நடுவே நட்சத்திரமே இல்லை, ஆனால் சாதாரண உயர் பகு எண்கள் 13 இருக்கின்றன. நம் எண் அந்தப் பதின்மூன்றில் கடைசி. முறைப்படி அடுத்து வர வேண்டிய 23-ஐ விட்டுவிட்டு, அதைவிடப் பயன் குறைந்த 7-ஐயும் 3-ஐயும் சேர்த்துக்கொண்டது. தனித்தனியாகப் பார்த்தால் நட்டமான கொள்முதல். ஆனால் இரண்டும் சேர்ந்து 21 மடங்குதான்; 23-ஐவிட மலிவு. கையிருப்புக்குள் அடங்கியது என்பதாலேயே பட்டியலில் இடம்.

நட்சத்திரங்களுக்கு விதி உண்டு; இடைப்பட்டவர்களுக்கு இல்லை. ராமானுஜனின் கட்டுரையில் மிகக் கடினமான பகுதி இந்த இடைப்பட்டவற்றைப் பற்றியதுதான். இரண்டு நட்சத்திரங்களுக்கு நடுவே உள்ள ஓர் உயர் பகு எண்ணின் அடுக்குகள் நட்சத்திரத்தின் அடுக்குகளிலிருந்து எவ்வளவு தூரம் விலகலாம் என்பதற்கு அவர் எல்லைகள் வகுத்தார். எண்கள் பெருகப் பெருக அடுத்தடுத்த இரண்டு உயர் பகு எண்களின் விகிதம் 1-ஐ நெருங்கும் என்றும் காட்டினார். ஆனால் எல்லைக்குள் எது வரும், எது வராது என்பதை ஒவ்வொன்றாகச் சலித்துத்தான் எடுக்க வேண்டும். 103-இல் 102-ஐச் சலித்து எடுத்த கை அது. மற்ற எண்களில் ஒன்றுகூடப் பிழையில்லை.

கட்டுரையைப் பற்றி அவருடைய ஆசான் ஹார்டிக்கு இருமனம் இருந்தது. சமனின்மைகளைக் கையாள்வதில் ராமானுஜனுக்கு இருந்த அபாரத் திறமையை வியந்தார். அதே சமயம் அந்தத் துறை கணிதத்தின் பெருவழியிலிருந்து ஒதுங்கிய ஒரு தேக்கம் என்றும் கருதினார். ஆனாலும் 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் ராமானுஜனுக்கு ஆய்வின் வழியாக பி.ஏ. பட்டம் கொடுத்தது முக்கியமாக இந்தக் கட்டுரையை வைத்துத்தான். கும்பகோணத்திலும் சென்னையிலும் கல்லூரித் தேர்வுகளில் தேறாதவருக்குக் கிடைத்த முதல் பட்டம் இது.

அச்சில் வந்த 63 பக்கம் முழுக் கட்டுரை இல்லை. முதல் உலகப் போர் தொடங்கியிருந்த நேரம். லண்டன் கணிதச் சங்கத்துக்குப் பண முடை. அச்சுச் செலவைக் குறைப்பதற்காக ராமானுஜன் எழுதியதில் ஒரு பகுதி நிறுத்தி வைக்கப்பட்டது. அந்தத் தாள்கள் பல பத்தாண்டுகள் கிடப்பில் கிடந்தன. 1988-இல் அவருடைய தொலைந்த குறிப்பேடு நிழற்படப் பதிப்பாக வந்தபோது அதில் இவையும் சேர்ந்தன. 1997-இல், சென்னையைச் சேர்ந்த கிருஷ்ணசுவாமி அல்லாடி தொடங்கிய ராமானுஜன் ஜர்னலின் முதல் தொகுதியில், ஷான் லூயி நிக்கோலா, கீ ரோபேன் என்ற இரு பிரெஞ்சுக் கணிதர்கள் குறிப்புரை எழுதி முறையாக வெளியிட்டார்கள்.

ரோபேனுக்கு அதில் தனி அக்கறை இருக்கக் காரணம் உண்டு. அதைச் சொல்ல 5,040-க்குத் திரும்ப வேண்டும். நம் எண்ணின் வகுத்திகளுடைய எண்ணிக்கையான அது தானே ஒரு மீயுயர் பகு எண். 1 முதல் 7 வரை பெருக்கினால் வருவது. பிளேட்டோ தன் முதுமையில் எழுதிய சட்டங்கள் என்ற நூலில், ஒரு நல்ல நகரத்தில் நிலமுள்ள குடிமக்கள் 5,040 பேர் இருக்க வேண்டும் என்றார். வரி, போர், நிலப் பங்கீடு எதற்கும் பிரிக்க வசதி என்பது அவர் சொன்ன காரணம். 1 முதல் 10 வரை எல்லாவற்றாலும் வகுபடும், அந்த எண்ணைத் தவிர்த்து 59 வகுத்திகள் உண்டு என்று எண்ணியும் வைத்திருந்தார். 11-ஆல் வகுபடாதது அவருக்கு உறுத்தியிருக்கிறது. இரண்டு குடும்பங்களைக் கழித்துவிட்டால் 5,038 சரியாக வகுபடும் என்று சமாதானமும் சொன்னார்.

ரோபேன் 1984-இல் நிறுவியது வேறு விதமானது. இப்போது வகுத்திகளை எண்ணாமல் கூட்டிப் பாருங்கள். 5,040-இன் வகுத்திகளைக் கூட்டினால் 19,344. அதை 5,040-ஆல் வகுத்தால் சுமார் 3.838. இந்த விகிதத்தை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வரம்பு இருக்கிறது. எண்ணின் இயல் மடக்கையை எடுத்து, அதற்கு மறுபடி இயல் மடக்கை எடுத்து, ஏறத்தாழ 1.781 என்ற மாறிலியால் பெருக்க வேண்டும். 5,040-க்கு அந்த வரம்பு 3.817. எண் வரம்பை மீறிவிட்டது. 5,040-க்குக் கீழே இப்படி மீறும் எண்கள் பல. அதற்கு மேலே ஒன்றும் இதுவரை சிக்கவில்லை. மேலே ஒன்றுமே கிடையாது என்று யாராவது நிறுவினால் ரீமன் கருதுகோள் உண்மை என்று அதனாலேயே நிறுவியதாகும். ரீமன் கருதுகோள் பொய்யென்றால் மீறும் எண்கள் முடிவில்லாமல் இருக்கும். பகா எண்களின் பரவலைப் பற்றி 1859-இல் எழுந்து இன்றும் தீராத அந்தப் பெரிய வினா, வகுத்திகளைக் கூட்டும் ஒரு பள்ளிக் கணக்காக உருமாறிவிட்டது. ரீமன் கருதுகோள் உண்மையென்றால் போதிய அளவு பெரிய எண்கள் எல்லாம் வரம்புக்குள் அடங்கும் என்ற பாதியை, 1915-இல் அச்சேறாமல் நின்ற தாள்களில் ராமானுஜன் ஏற்கெனவே எட்டியிருந்தார்.

நம் எண் என்ன செய்கிறது? அதன் 5,040 வகுத்திகளையும் கூட்டினால் 16,42,24,30,14,720. கூட்டுவதற்கும் குறுக்குவழி உண்டு: 2-இன் அடுக்குகள் 1 முதல் 64 வரை கூடி 127, 3-இன் அடுக்குகள் 1 முதல் 81 வரை கூடி 121, 5-க்கு 31, 7-க்கு 57, பிறகு 12, 14, 18, 20, எல்லாவற்றையும் பெருக்கினால் மேற்படி தொகை. எண்ணால் வகுத்தால் 5.599. வரம்பு 5.830. நான்கு விழுக்காடு அளவுக்கு இடைவெளி விட்டு, வரம்புக்குள் அடக்கமாக நிற்கிறது.

இடைப்பட்ட எண்களின் கதை ராமானுஜனோடு முடியவில்லை. 1944-இல் லியோனிதாஸ் அலாவோக்லுவும் பால் எர்டோஷும் உயர் பகு எண்களையும் அவற்றின் உறவினங்களையும் பற்றி விரிவாக எழுதினார்கள். ஒரு குறிப்பிட்ட எல்லை வரை எத்தனை உயர் பகு எண்கள் இருக்கும் என்ற கேள்வியையும் எர்டோஷ் அதே ஆண்டு எடுத்துக்கொண்டார். எல்லையின் மடக்கையை 1-ஐவிடப் பெரிய ஏதோ ஓர் அடுக்குக்கு உயர்த்தினால் வரும் அளவுக்காவது அவை இருக்கும் என்று காட்டினார். 1971-இல் நிக்கோலா எதிர்ப்பக்கத்தை மூடினார்: மடக்கையின் ஒரு நிலையான அடுக்கைத் தாண்டி அவை பெருகாது. பின்னர் இந்த இரு சுவர்களும் நெருக்கப்பட்டு, கீழ்ச்சுவர் 1.13-க்கும் மேல்சுவர் 1.71-க்கும் வந்திருக்கின்றன.

ராமானுஜனின் எல்லையான 67,46,32,83,88,800 வரை, அவர் கணக்கில் சேர்க்காத 1-ஐயும் விடுபட்டதையும் சேர்த்து எண்ணினால் 104 உயர் பகு எண்கள். அந்த எல்லையின் இயல் மடக்கை 29.54. அதை எந்த அடுக்குக்கு உயர்த்தினால் 104 வரும் என்று பார்த்தால் விடை 1.37. இன்று கணினியில் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட உயர் பகு எண்கள் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. ஆனாலும் அந்த அடுக்கு கடைசியில் எங்கே போய் நிற்கும், நிற்குமா என்பதற்கு நிறுவப்பட்ட விடை இன்னும் இல்லை.